துணி காய்வதற்குள் எழுதிய குறிக்கோள்

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். போகிற இடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது யாராவது வற்புறுத்திக் கேட்டால் மட்டும், மருத்துவரிடம் மூலநோயைப் பற்றிச் சொல்வதுபோல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஒரு மனுஷியின் மானத்தைக் கெடுக்க நூறு பக்கம் எழுத வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும். அதையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஜொகூரில், பண்டார் தெங்காரா பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு மாணவர்கள், எட்டு ஆசிரியர்கள், ஒரு கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். என் பெயர் தேன்மொழி. (அப்பா வைத்தது. அவர் ஆசைப்பட்டது ஒன்று, பிறந்தது ஒன்று.) நான் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, வாட்ஸ்அப்பைப் புலனம் என்று சொல்லிக்கொண்டு, சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் "அன்புகூர்ந்து ஒரு குவளை தேநீர்" என்று கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த அக்கா ஒவ்வொரு முறையும் "தே ஓ-வா, தே தாரேக்கா?" என்று, அதாவது பால் இல்லாததா, பால் போட்டு ஆற்றியதா என்று திருப்பிக் கேட்பார். இப்போது நினைத்தால் அவர் கையில் இருந்த கரண்டியால் என் தலையில் ஒன்று வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் தலைமையாசிரியை திருமதி சரோஜினி. ஓய்வு பெற இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருந்தன. அதிகம் பேசமாட்டார். ஆனால் பேசினால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஒரு திங்கட்கிழமை எங்களை ஆசிரியர் அறையில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு இதுவரைக்கும் ரெண்டே ரெண்டு பேருதான் பதிஞ்சிருக்காங்க. இந்த ஸ்கூல மூடப் போறாங்களாம்னு மார்க்கெட்டுல பேசிக்கிறாங்க. யாரும் மூடல. ஆனா புள்ளைங்களே வரலைன்னா தானா மூடிக்கும். அதனால பெற்றோர் தினம் ஒன்னு வெச்சு, ஆறு வயசுப் புள்ளைங்க இருக்குற குடும்பத்தையெல்லாம் கூப்பிடப் போறோம். வந்து பார்க்கறப்ப நம்ம சுவத்துல ஏதாவது இருக்கணும். பெரிய ஸ்கூல்ல எல்லாம் குறிக்கோள்னு என்னமா எழுதி வெச்சிருக்காங்க! நம்ம சுவத்துல 'இங்கே எச்சில் துப்பாதீர்'னு மட்டும்தான் இருக்கு."

இப்படித்தான் எங்கள் பள்ளிக்குக் குறிக்கோள் எழுதும் படலம் தொடங்கியது.

முதலில் முறையாகப் பட்டறை நடத்தினோம். மாஜோங் தாள் என்று நாங்கள் சொல்லும் பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, ஆளுக்கொரு நிறத்தில் பேனா எடுத்துக்கொண்டோம். தலைமையாசிரியை "அறிவு" என்று எழுதினார். விளையாட்டுப் பொறுப்பாசிரியர், உடல் நலம் இல்லாமல் அறிவு எதற்கு என்று கேட்டு "ஆரோக்கியம்" சேர்த்தார். கட்டொழுங்கு ஆசிரியர் "கட்டொழுங்கு" சேர்த்தார். நூலகப் பொறுப்பாசிரியை "வாசிப்பு" என்றார். கணினிப் பொறுப்பாசிரியர் "இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்" என்றார். அவர் பொறுப்பில் இருந்த ஏழு கணினிகளில் இரண்டுதான் ஓடின என்பது வேறு விஷயம். தேநீர் கொண்டுவந்த சிற்றுண்டிச்சாலை அக்கா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்புட்ட தட்ட எடுத்து வைக்கிறதையும் சேத்துக்குங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அதையும் சேர்த்தோம்.

மூன்று மணி நேரத்தில் ஒரு வாக்கியம் உருவானது. எங்களில் மூத்தவரான அந்தோணி சார் அதை எழுந்து நின்று ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தார். பாதி தாண்டியதும் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம்.

"இது குறிக்கோள் இல்ல, கல்யாண வீட்டுச் சாமான் லிஸ்ட்டு" என்றார் அவர், மூச்சு வந்ததும்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எட்டுப் பேரில் ஏழு பேர் மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் மட்டும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மேடம், இதைக் குழுவாகச் செய்ய முடியாது. மொழியறிந்த ஒருவர் எழுதவேண்டிய வேலை இது. எனக்கு ஒரு மணி நேரம் போதும்" என்றேன்.

தலைமையாசிரியை என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஒரு வாரம் எடுத்துக்க" என்றார்.

நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் "எழுக" என்று தொடங்கினேன். யார் எழுவது, எதற்கு எழுவது என்று தெரியவில்லை. இரண்டாம் வாரம் "ஞாயிறு போல்" என்று தொடங்கினேன். தாளைப் பார்த்த கிராணி, "ஞாயித்துக்கிழம வேல செய்ய முடியாது டீச்சர், லீவு" என்றார். மூன்றாம் வாரம் பேனாவை எடுக்கவே பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இந்தப் பள்ளி எதற்காக இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. காலையில் மணி அடிக்கும், வகுப்புக்குப் போவேன். மதியம் மணி அடிக்கும், வீட்டுக்குப் போவேன். ஆனால் இதை வெளியே சொல்ல முடியுமா? இலக்கியம் படித்தவள் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பண்டார் தெங்காராவில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே, நாமே துணி துவைத்துக்கொள்ளும் சலவைக்கடை ஒன்று இருந்தது. துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் இருபத்தாறு நிமிடம் என்று எண் காட்டியது. அப்போது புலனத்தில் தலைமையாசிரியையின் செய்தி வந்தது. "தேன்மொழி, குறிக்கோள் எங்கே? அந்தோணி சார் பெயிண்ட்டுடன் தயார். இன்று மாலைக்குள் அனுப்பவும்."

வேறு வழியில்லாமல் கைத்தொலைபேசியில் தேடினேன். மற்ற பள்ளிகளின் குறிக்கோள்கள் வரிசையாக வந்தன. எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மாற்றலாகி வருகிற ஏதாவது ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டு "இது எங்க பழைய ஸ்கூலோடதாச்சே" என்று சொல்லிவிட்டால்? திருடுவதிலும் நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் தேடிக்கொண்டு போனதில், கோழி இறைச்சி பதனிடும் நிறுவனம் ஒன்றின் பக்கம் வந்தது. மலாயில் அருமையான ஒரு வாக்கியம். அடக்கமாக, கம்பீரமாக, ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஒவ்வொரு கோழியையும் தகுந்த சூழலில் வளர்த்து, தூய்மையான முறையில் பதனிட்டு, உரிய எடையை உறுதிசெய்து, குறித்த நேரத்தில் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு சேர்ப்பதே எங்கள் பணி."

பள்ளியிலிருந்து எடுத்தால் பள்ளிக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். கோழியிலிருந்து எடுத்தால் எந்தக் கோழி வந்து கேட்கப்போகிறது?

இயந்திரம் ஒன்பது நிமிடம் என்று காட்டியபோது என் வாக்கியம் தயாராகிவிட்டது:

"ஒவ்வொரு மாணவரையும் தகுந்த சூழலில் வளர்த்தெடுத்து, தூய நெறியில் பக்குவப்படுத்தி, உரிய எடையை உறுதிசெய்து, குறித்த காலத்தில் சமுதாயத்தின் மேசைக்குக் கொண்டு சேர்ப்பதே எங்கள் தலையாய பணி."

இதில் "தலையாய" மட்டும் என் சொந்தச் சரக்கு. அனுப்பிவிட்டு, சூடாக இருந்த துணியை மடித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி மாடியேறினேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை அதை வாசித்தார்.  கட்டொழுங்கு ஆசிரியர் கைதட்டினார். "பக்குவப்படுத்தி" என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தோணி சார் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"அது என்னம்மா, உரிய எடை?"

"அறிவின் எடை சார். ஆளுமையின் கனம்."

"சரி. சமுதாயத்தின் மேசை?"

"அது வந்து சார்... உலக நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசுதே, அந்த மேசை. அதுல நம்ம பிள்ளைங்களுக்கும் ஓர் இடம்."

தலைமையாசிரியையின் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். "நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்கும் அந்த மேசையில இடம்!" என்றார் மெதுவாக. எனக்கும் கண் கலங்கியது. (சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அந்தக் கோழியை நான் முழுவதுமாக மறந்துவிட்டேன்.)

பள்ளி விடுமுறையில் அந்தோணி சார் ஏணி போட்டு, சபைகூடல் திடலைப் பார்த்த நீளமான சுவரில், நீலத்தில் மஞ்சள் ஓரம் வைத்து எழுதி முடித்தார். அதைத் தார்ப்பாய் போட்டு மறைத்து வைத்தோம். விழாவன்று திறக்கும்போது பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஒப்பிக்கவேண்டும் என்பது என் யோசனை. இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தேன். வீட்டில் யாராவது சொன்னால் விழாவன்று ஐஸ்கிரீம் கிடையாது என்று மிரட்டினேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. பள்ளி வரலாற்றில் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. கூடாரத்தின் கீழே நாற்காலிகள், ஓரமாகச் சாப்பிட மீகூனும் கறிபாப்பும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மணியம் அண்ணன் ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ப் பேசி, ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் பதினான்கு குடும்பங்களை அழைத்து வந்திருந்தார். நல்ல மனிதர். குரல் கொஞ்சம் பெரிது. கூலாய்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருக்கிறார் என்று தெரியும். என்ன கம்பெனி என்று நான் கேட்டதே இல்லை. அவர் அழைத்து வந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை செய்கிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

முதல் வரிசையில் லோகேஸ்வரி என்ற இளம் தாய், ரோஜா நிற கவுன் போட்ட தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வந்ததும் வராததுமாக, "டவுன்ல இருக்குற ஸ்கூல்ல ஏர்கோன் இருக்கு. இங்க என்னா இருக்கு?" என்று மணியம் அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. இப்ப ஒன்னு தொறப்பாங்க, பாரு. அசந்துருவ" என்றார் அவர்.

தலைமையாசிரியை தார்ப்பாயின் கயிற்றை இழுத்தார். நீல எழுத்துகள் வெயிலில் பளபளத்தன. நான் கையை உயர்த்தினேன். பிள்ளைகள் தொடங்கினார்கள்.

"ஒவ்வொரு மாணவரையும்... தகுந்த சூழலில் வளர்த்தெடுத்து..."

மணியம் அண்ணன் புன்னகையோடு தலையாட்டினார்.

"தூய நெறியில் பக்குவப்படுத்தி..."

தலையாட்டுவது நின்றது. புருவம் சுருங்கியது.

"உரிய எடையை உறுதிசெய்து..."

இப்போது அவருடைய உதடுகள் தானாக அசைய ஆரம்பித்தன. பின்வரிசையில் இன்னும் நான்கைந்து பேரின் உதடுகளும் அசைந்தன. தினமும் சொல்லிப் பழகிய வாய். அவர்களுக்கே தெரியாமல் வருகிறது. "குறித்த காலத்தில்" என்று பிள்ளைகள் சொல்ல, கூடாரத்தின் பின்பக்கத்திலிருந்து "தெப்பாட் பாடா மாசாஞா" என்று மலாயில் ஒரு முணுமுணுப்பு கூடவே வந்தது. நான் ஏதோ வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து அவர்களைப் பார்த்து வணக்கம் வேறு வைத்தேன்.

பிள்ளைகள் முடித்தார்கள். கைதட்டல் வரவேண்டிய இடத்தில் மணியம் அண்ணன் குரல்தான் வந்தது. ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருக்கவேண்டும்.

"டேய், இது நம்ம ஆயாம் கம்பெனி பாட்டுடா!"

(ஆயாம் என்றால் மலாயில் கோழி. அந்தக் கூடாரத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை.)

தலைமையாசிரியை திரும்பினார். "என்ன சொல்றீங்க மணியம்?"

"இல்ல மேடம், எங்க பெக்டரி செவுத்துல இதுதான் எழுதியிருக்கு. தெனம் காலையில பெரட்டுல எல்லாரும் வரிசையா நின்னு சொல்லிட்டுதான் வேலைக்குப் போவோம். செத்தியாப் ஆயாம்னு ஆரம்பிக்கும். இங்க ஆயாமுக்குப் பதிலா மாணவர்னு போட்டிருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு மேடம். மேசகூட இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். மொழியறிந்தவள் அல்லவா, ஏதாவது பேசியாகவேண்டும்.

"உயர்ந்த சிந்தனைகள் பல இடங்களில் ஒரே மாதிரி தோன்றுவது இயல்புதான். ஒருவேளை... அந்த நிறுவனம் நம்மிடமிருந்து எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு."

மணியம் அண்ணனுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டார்.

"எப்படி டீச்சர்? நான் அங்க வேலைக்குச் சேந்து பத்தொம்போது வருஷமாச்சு. சேந்த அன்னைக்கே செவுத்துல இருந்துச்சு. அப்ப நீங்க முதலாம் ஆண்டோ ரெண்டாம் ஆண்டோ படிச்சிருப்பீங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார், பிறகு கூடாரமே சிரித்தது. கட்டொழுங்கு ஆசிரியர் கட்டொழுங்கை மறந்து சிரித்தார். சிற்றுண்டிச்சாலை அக்கா கறிபாப் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நாற்பத்தொரு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"அலமாக்! எம்புள்ளைய எட பாத்து, பொட்டலம் கட்டி அனுப்பப் போறாங்களா?" என்றாள் லோகேஸ்வரி.

சிரிக்காதவர் இரண்டே பேர். நானும் தலைமையாசிரியையும்.

அவர் என் பக்கத்தில் வந்து, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். "தேன்மொழி, உண்மையா?"

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்று ஆசிரியர் அறையில் அந்த மேசையை நினைத்துக் கலங்கிய அதே கண்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆமாம் மேடம். மூணு வாரமா எனக்கு ஒன்னும் எழுத வரல. சலவைக்கடையில துணி காயறதுக்குள்ள அதைப் பார்த்து எழுதினேன். என்னை மன்னிச்சிடுங்க."

ஒலிவாங்கியைக் கையால் மூடினால் சத்தம் போகாது என்பது எங்கள் பள்ளியின் பழைய ஒலிபெருக்கிக்குத் தெரியாது. நான் சொன்னது மூன்றாம் வரிசை வரை தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கியது. இரண்டு குடும்பங்கள் எழுந்து நின்றன. ஓர் அப்பா மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவிட்டார். பதினான்கு குடும்பங்களும் போய்விடும், அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் இரண்டே பிள்ளைகள், அதற்கடுத்த ஆண்டு அதுவும் இருக்காது, அத்தனைக்கும் காரணம் நான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.  

அப்போது லோகேஸ்வரி உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"சரி டீச்சர். அது கோழிக்கு. எம்புள்ளைக்கு என்னா?"

"என்ன?"

"கம்பெனி கோழிய என்னா பண்ணும்னு செவுத்துல சொல்லிருச்சு. நீங்க எம்புள்ளைய என்னா பண்ணுவீங்க? அத சொல்லுங்க லா."

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் சொன்னால் உட்கார்வேன், சொல்லாவிட்டால் டவுன் பள்ளிக்குப் போய்விடுவேன் என்ற முகம். எனக்கு அறிவு, ஆளுமை, நெறி என்று ஒரு சொல்லும் வரவில்லை. என் நான்காம் ஆண்டு வகுப்பில் அப்போது இரண்டு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. மற்றவர்கள் வாசிக்கும்போது வாயை மட்டும் அசைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். நானும் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். அந்த இரண்டு முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

"வாசிக்க வெப்போம்" என்றேன். "இங்க ஆறு வருஷம் படிச்சிட்டு, வாசிக்கத் தெரியாம ஒரு பிள்ளகூட வெளிய போகாது."

"போனா?"

"போகாதுங்க."

"போனா என்னா பண்ணுவீங்கன்னு கேக்குறேன்."

"நானே வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பேன்."

"எங்க வீட்டுக்கா?"

"யார் வீட்டுக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"வாசிக்கிற வரைக்கும்."

அவள் மகளை மடியிலிருந்து இறக்கி நிற்க வைத்தாள். "எழுதிக் கொடுப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் காத்திருந்ததற்கும், நம்பியதற்கும், கண்கலங்கியதற்கும் சேர்த்து அவர் பழிவாங்கியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

"எழுதிக் கொடுப்பாங்க" என்றார். "அந்தச் செவுத்துலயே."

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தவர் திரும்ப உட்கார்ந்தார். அன்று மதியத்துக்குள் ஒன்பது குடும்பங்கள் பிள்ளைகளைப் பதிந்துவிட்டுப் போயின. கடைசியாகப் பதிந்தவர் கறிபாப்பை வாயில் வைத்துக்கொண்டே பதிவுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பழைய எழுத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டு, அந்தோணி சார் மறுபடி ஏணி போட்டார். நான் என் கைப்பட எழுதிக் கொடுத்ததைத் தலைமையாசிரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதச் சொன்னார்.

"இந்தப் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் வெளியே போகாது. போனால், தேன்மொழி டீச்சர் அந்தப் பிள்ளையின் வீட்டிர்கு வந்து, வாசிக்கும் வரை சொல்லிக் கொடுப்பார்."

"மேடம், பேரு வேண்டாமே?" என்று கெஞ்சினேன். "பேரு இல்லன்னா யாரு போறது?" என்றார். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், தனி நபர் பெயர் குறிக்கோளில் வரக்கூடாது என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். வருகிற விடுமுறையில் அழித்துவிடுவோம் என்று தலைமையாசிரியை உறுதி சொன்னார். பல விடுமுறைகள் வந்து போயின. அவரே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் பெயர் இன்னும் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பு நான் ஜொகூர் பாருவுக்கு மாற்றல் கேட்டபோது, "தாராளமாப் போ. செவுத்தையும் பேத்து எடுத்துக்கிட்டுப் போ" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

சாஆ என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டேன். கல்யாணப் பத்திரிகை வாசகத்தை ஆசையாக எழுதி அவரிடம் காட்டினேன். வாங்கி வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு. எந்தக் கம்பெனியோடது?" என்றார். மணியம் அண்ணன் உபயம். பெண் பார்க்க வந்த அன்றே கதை அவர்கள் குடும்பத்துக்குப் போய்விட்டது. மகள் பிறந்தபோது புலனத்தில் மணியம் அண்ணன் அனுப்பிய வாழ்த்து: "மூன்று கிலோ இருநூறு கிராம். டீச்சர், உரிய எடையை உறுதி செய்துவிட்டீர்கள்." அதை என் மாமியார் தன் கைத்தொலைபேசிக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, இன்றுவரை அழிக்காமல் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீரோடு அதையும் கொடுப்பார்.

வாக்கு என்னவோ பலித்தது. வாய் மட்டும் அசைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் சனிக்கிழமைதோறும் போனேன். வாசித்தார்கள். லோகேஸ்வரியின் மகள் என் உதவி இல்லாமலே இரண்டாம் ஆண்டில் கதைப்புத்தகம் வாசித்தாள். ஆறாம் ஆண்டு முடித்துவிட்டுப் போன பிறகு, அவர்கள் தெப்ராவுக்குக் குடிமாறினார்கள். பிறகு ஒரு நாள் லோகேஸ்வரி அழைத்தாள்.

"டீச்சர், செவுத்துல இருக்குற மாதிரி நீங்க வரணும்."

"ஏன், பிள்ள நல்லா வாசிப்பாளே?"

"அவ வாசிப்பா டீச்சர்." கொஞ்சம் தயங்கினாள். "நானும் அந்த ஸ்கூல்தான். ஆறு வருஷம். எனக்குத்தான் வராது. பேரு எழுதுவேன், அவ்ளோதான். 'படித்த எந்தப் பிள்ளையும்'னுதானே போட்டிருக்குன்னு எம்பொண்ணு வாசிச்சுக் காட்டுனா. எந்த வருஷம் படிச்ச புள்ளன்னு ஒன்னும் போடலையே?"

உண்மைதான். போடவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை தெப்ராவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவள் இரவு வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டுவாள். மகள் பக்கத்திலிருந்து திருத்துவாள். ஒன்றரை வருடம் ஆனது. போன மாதம் ஏதோ சான்றிதழ் எடுக்க அவள் பள்ளிக்கு வந்திருந்தாள். வகுப்பில் இருந்த எனக்குத் திடலிலிருந்தே குரல் கேட்டது.

"டீச்சர்! இங்க வாங்க! செவுத்துல ஒரு எழுத்து தப்பா இருக்கு!"

போய்ப் பார்த்தேன். "வீட்டிற்கு" என்று இருக்கவேண்டிய இடத்தில் "வீட்டிர்கு" என்று இருந்தது. பெரிய ற போடவேண்டிய இடத்தில் சின்ன ர. இத்தனை ஆண்டுகளாக எட்டு ஆசிரியர்களும், பார்வையிட வந்த அதிகாரிகளும், தினமும் அதன் முன் நின்ற நானும் பார்க்காத பிழை. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

இதைக் கேள்விப்பட்ட அந்தோணி சார், ஓய்வு பெற்ற பிறகும் தன்மேல் பழி வரக்கூடாது என்று, பத்திரமாக வைத்திருந்த என் கையெழுத்துத் தாளை வீட்டு அலமாரியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தோம். அதிலும் சின்ன ர-தான்.

இப்போதெல்லாம் நான் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினால்கூட, என் மகள் அதைத் தெப்ராவுக்குப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறாள். லோகேஸ்வரி அக்கா சரி பார்த்து அனுப்பிய பிறகுதான் என் கணவர் கடைக்குக் கிளம்புகிறார்.